ம் கொட்டிய பற்கள்

"டாக்டருங்களா? எங்க தம்பி பேசறானுங்க. நீங்க உடனே வரோணும்" என்றது போனில் ஒரு வயதான குரல்.

நான் சூலூரில் இருபத்திரண்டு வருஷமாகப் பல் பிடுங்கிக்கொண்டிருப்பவன். மதியச் சாப்பாட்டு நேரம், தயிர்ச்சாதத்தில் கை. இப்படிப்பட்ட நேரத்தில் போன் வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். பேசினால் நல்லதுதானே, அதற்கு எதற்கு நான் வரவேண்டும் என்று கேட்டேன்.

"காத்தாலயே செத்துட்டானுங்க" என்றார்.

பேசியவர் பொன்னுச்சாமி. சோமனூரில் விசைத்தறிப் பட்டறை வைத்திருந்த நாச்சிமுத்துவின் அண்ணன். நாச்சிமுத்து என் பேஷண்ட். அவர் வாயில் கீழ் முன்பற்கள் நான்கையும் வைத்தது நான்தான். கையைக் கழுவிவிட்டு, கருவிப் பெட்டியையும் டேப்லட்டையும் எடுத்துக் காரில் போட்டேன். என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

நாச்சிமுத்து முதலில் என்னிடம் வந்தபோது அவருக்குக் குரல் கிடையாது. பீடி பிடித்துப் பிடித்துத் தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டிருந்தார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. உயிர் தப்பியது, பேச்சு போயிற்று. கூடவே கீழ் முன்பற்கள் நான்கும் ஆடி விழுந்துவிட்டன. கதிர்வீச்சு வாங்கிய தாடையில் இம்ப்ளான்ட் வைக்க எந்த டாக்டரும் தயங்குவார். நல்ல வேளையாகத் தாடையின் முன்பக்கம் அதிகம் வாங்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் எலும்பு மெலிசு, நாலு பல்லுக்கு நாலு ஆணி இறக்க இடம் இருக்காது. இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று என இரண்டே மெல்லிய டைட்டானிய ஆணி. அவற்றின் மேல் நான்கு பற்களையும் ஒரே துண்டாகப் பாலம் போல ஸ்க்ரூ போட்டு முடுக்குவது. இது பழைய வித்தைதான்.

புதிய வித்தை அந்தப் பற்களுக்கு உள்ளே இருந்தது. பேசும்போது நாக்கின் நுனி கீழ் முன்பற்களின் பின்புறத்துக்கு வந்து வந்து போகும். உங்களுக்கும்தான், வேண்டுமானால் இப்போதே பேசிப் பாருங்கள். பல்லுக்குள் புதைத்த கருவி அந்த அசைவையும் தாடையின் அசைவையும் படித்து, இன்ன வார்த்தை என்று கண்டுபிடிக்கும். கழுத்தில் தாயத்து மாதிரி தொங்கும் சின்னப் பெட்டி அதை அவருடைய பழைய குரலிலேயே பேசும். குரலுக்கு மாதிரி கேட்டார்கள். அவர் மனைவி துளசிமணி தன் போனில் கிடந்த நானூற்றுச் சொச்சம் குரல் செய்திகளை எடுத்துக் கொடுத்தார். பல வருஷமாக வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே கணவர் அனுப்பியவை.

தறிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டறைச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது என்பதால் குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். நாச்சிமுத்து முப்பது வருஷம் அப்படிப் பேசியவர். மற்ற பேஷண்டுகள் மாதக்கணக்கில் திணறும் காரியம் இவருக்கு முதல் நாளே வந்துவிட்டது. என் கிளினிக்கில் அந்தப் பெட்டி முதல்முதலாகப் பேசியபோது நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு, பட்டறைக்குப் போன் போட்டு, மூணாம் தறி ஏன் நிக்குது என்று கேட்டதுதான். துளசிமணி பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அது கண்ணில் படவில்லை, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்துத் தனியாக வந்தார். கருவியைச் செய்த கம்பெனியின் ஆள் ஒருவரும் அன்று கிளினிக்கில் இருந்தார்.

"காத்தால எந்திரிச்சதுல இருந்து பேசீட்டே இருக்கறா டாக்டர். பேச்சு வராதப்ப நிம்மதியா இருந்துச்சு. இப்ப பதில் சொல்லலீன்னா கோவிச்சுக்கறா" என்றார் நாச்சிமுத்து.

கம்பெனி ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது, துணைப்பேச்சு என்று பெயர் என்றார். பேசிப் பேசிக் களைத்துப்போகும் நோயாளிகளுக்காக வைத்த வசதியாம். யாராவது ஒருவருடைய குரலைக் கருவிக்குப் பழக்கிவிட்டால், அவர் பேசி நிறுத்தும்போதெல்லாம் பெட்டியே பதில் சொல்லிவிடும்.

"என்ன பதில் சொல்லும்?" என்று கேட்டேன்.

"முதல்ல வெறும் 'ம்' மட்டும்தான் டாக்டர். அது எல்லாருக்கும் பொது. போகப்போக இவரோட பழைய பேச்சை வெச்சு, இந்த இடத்துல இவர் என்ன சொல்வார்னு கத்துக்கும். சரியா சொல்லிருவோம்ங்கிற நம்பிக்கை அதுக்கே வந்தப்புறம் 'ம்'மை விட்டுட்டு இவர் மாதிரியே பதில் சொல்லும். எப்படியும் பத்து மாசம் ஆகும்."

துளசிமணியின் குரல் செய்தி ஒன்றைப் போட்டுக் காட்டிக் கருவிக்குப் பழக்கினோம். அந்த அம்மாள் அதில், வரும்போது வெங்காயம் வாங்கி வாருங்கள் என்று சொல்லி நிறுத்தியதும், பெட்டி அழகாக "ம்" என்றது. மூன்று ஆண்பிள்ளைகளும் சிரித்தோம். எனக்கும் ஒண்ணு மாட்டிவிடுங்கப்பா என்று நான் வேறு சொன்னேன். டேப்லட்டில் பொத்தானை அமுக்கியது என் விரல்தான். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சோமனூரில் நான் போய் இறங்கியபோது அந்தத் தெருவே அமைதியாக இருந்தது. துக்கத்துக்காக அக்கம்பக்கத்துப் பட்டறைகளையும் நிறுத்தியிருந்தார்கள். தறிச் சத்தம் இல்லாத அந்தத் தெருவை நான் அதுவரை பார்த்ததில்லை. வீட்டு முன்னால் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்பது ஐம்பது பேர். பாடை கட்டித் தயாராக இருந்தது, தூக்குகிறவர்கள் வேலியோரம் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தார்கள்.

பொன்னுச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது இவ்வளவுதான். பத்தரை மணிக்குத்தான் தம்பி இறந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து கிளினிக் டாக்டர் வந்து தொட்டுப் பார்த்து, உயிர் போய் இரண்டு மூன்று மணி நேரம் ஆயிற்று, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதையெல்லாம் ஒப்புக்கொண்டு படுக்க வைத்து, வாய்க்கட்டு கட்டி, விளக்கும் ஏற்றிவிட்டார்கள். துளசிமணி பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்திருக்கிறார். பிணம் பதில் சொல்லியிருக்கிறது.

"நான் நாலு தடவை நாச்சி, நாச்சின்னு கூப்புட்டுப் பாத்தனுங்க. பதில் இல்லை. அவ கூப்புட்டா மட்டும் ம்-ங்கறான்" என்றார். "மெஷினுதான்னு எனக்குந் தெரியுதுங்க. ஆனா மெஷினுக்கு ஊட்டுக்காரி ஆரு, அண்ணன் ஆருன்னு எப்படீங்க தெரியும்? ம் சொல்றவனத் தூக்க மாட்டோம்னு பசங்க உக்காந்துட்டானுக. அந்தப் பொட்டிய ஒடைக்கலாம்னா அவ உட மாட்டீங்கறா. மீறி ஒடச்சு, உள்ள உசுரு ஒட்டிக்கிட்டு இருந்துட்டா அந்தப் பாவம் ஆருக்குங்க?"

ஆறு மணிக்குள் எடுக்க வேண்டும், மகள் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள், அவள் வந்து இந்தக் கூத்தைப் பார்க்கக் கூடாது என்றார். நான் மெதுவாக விளக்கினேன். அந்த அம்மாளின் குரலுக்கு மட்டும் பழக்கியது நாங்கள்தான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கும் வரை அந்தக் கருவி விழித்திருக்கும். வாய் திறந்து கொஞ்ச நேரம் போனால் தானாகத் தூங்கிவிடும். சாதாரணமாக உயிர் போனால் தாடை தொங்கிவிடும், அதோடு முடிந்திருக்கும். இவர்கள் முறைப்படி தாடையைத் துணியால் இழுத்துத் தலையோடு கட்டிவிட்டார்கள். செத்தவருடைய பல்லைக் கடிக்க வைத்துவிட்டார்கள்.

பொன்னுச்சாமி நம்பினாரோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

உள்ளே கூடத்தில் பெண்கள் எல்லாரும் சுவரோரமாக ஒதுங்கிவிட்டிருந்தார்கள். நடுவில் பெஞ்சில் நாச்சிமுத்து. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, உச்சந்தலையில் முடிச்சு. நெற்றியில் ஒற்றை ரூபாய். தலைமாட்டில் ஒரு முக்காலி போட்டுத் துளசிமணி உட்கார்ந்திருந்தார். ஒப்பாரி இல்லை, அழுகையும் இல்லை. சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"கவிதா ரயிலு திருப்பத்தூரு தாண்டிருச்சாமாங்க. பேத்திக்குப் பரிச்சை இருக்குதாம், ஆனாலும் கூட்டிட்டுத்தான் வாரா."

"ம்."

மூடிய உதடு அசையவில்லை. நெஞ்சின் மேல் கிடந்த பெட்டியிலிருந்து வந்தது. எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம், என் கையால் செய்த காரியம். இருந்தும் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். கதவோரம் நின்ற ஒரு கிழவி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். பொன்னுச்சாமியும் போனார். துளசிமணியிடம் கருவி எப்படி வேலை செய்கிறது என்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். பெரிய மனிதத்தனமாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அது உங்கள் கணவர் இல்லை அம்மா, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் அடங்கிவிடும் என்றேன். அவர் நம்பவில்லை என்று எண்ணிக்கொண்டு டேப்லட்டைத் திறந்தேன். கருவி பேசிய ஒவ்வொரு சொல்லும் அதில் நேரத்தோடு பதிவாகியிருக்கும். ஆள் தன் வாயால் பேசியது கறுப்பில், கருவி தானாகச் சொன்னது சாம்பல் நிறத்தில்.

அன்று காலைப் பக்கத்தைத்தான் முதலில் காட்டினேன். ஏழு ஐம்பதுக்குக் கறுப்பு நின்றுவிட்டது. ஏழு ஐம்பத்தாறிலிருந்து பத்தரை வரை சாம்பல். எண்ணிக்கையைக் கருவியே போட்டிருந்தது, நூற்றுப் பன்னிரண்டு.

அவர் ஏழு ஐம்பத்தாறின் மேல் விரலை வைத்தார்.

"நான் சமையக்கட்டுல இருந்தனுங்க. அவரு முன்ரூம்ல நாக்காலீல தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு, நெஞ்சுல தாடை முட்டீட்டு. தூங்கறாருன்னு நெனச்சேன். ராகிக் கஞ்சி வெக்கட்டுமான்னு கேட்டேன், ம்-ன்னுச்சு. வெச்சேன். ம் வந்துட்டே இருந்துச்சுங்களா, நான் திரும்பிப் பாக்கவே இல்லை."

அந்தப் பெட்டி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் இல்லையே என்று இந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்திருப்பார். ஆஸ்பத்திரி பத்து நிமிஷ தூரம். பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. பார்க்கவாவது பார்த்திருப்பார். பொத்தானை அமுக்கியது நான்தான் என்று சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் கேட்டார், நானும் சிரித்துக்கொண்டே செய்தேன், என் மேல்தான் தப்பு என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலாம் என்றிருந்தது.

"முன்னாடி பக்கத்தைக் காட்டுங்க" என்றார் துளசிமணி.

காட்டினேன். நேற்று, போன வாரம், போன மாதம். கறுப்பு நிறையவே இருந்தது. பட்டறை ஆட்களோடு, நூல் வியாபாரியோடு, அண்ணனோடு, போனில். துளசிமணியின் குரல் வரும் இடங்களை மட்டும் தனியாகப் பிரித்துப் போட்டேன். எட்டு மாதமும் முழுக்கச் சாம்பல். ஒரு கறுப்பு எழுத்துகூட இல்லை. அந்தப் பக்கத்தை மூடிவிடலாமா என்று என் விரல் தயங்கியது. அவர் என் கையை விலக்கிவிட்டு, தானே தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியுமுங்க டாக்டர்."

"என்ன தெரியும்?"

"இது அவரில்லைன்னு. பல்லு வெச்சு ஒரு மாசம் போனதும் திடீர்னு ம் சொல்ல ஆரம்பிச்சாரு. அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. முப்பத்தொரு வருசத்துல அவரு எனக்கு ஒரு ம் சொன்னதில்லைங்க." கணவரின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார். "நான் பேச ஆரம்பிச்சா எந்திரிச்சுப் பட்டறைக்குள்ள போயிருவாரு. தறிச் சத்தத்துல நான் என்ன கத்தறது? பேச்சு போன ரண்டு வருசமும் அதே கதைதான். இந்த எட்டு மாசமாத்தான் நான் பேசி முடிக்கற வரைக்கும் ஆரோ இருந்தாங்க. எனக்கு அது போதுமா இருந்துச்சு."

வாய்க்கட்டை அப்போதுதான் கவனித்தேன். சாதாரணமாகப் போடும் ஒற்றை முடிச்சு இல்லை, இரட்டை முடிச்சு. தூக்கத்தில் அவர் வாய் பிளந்தால் பெட்டி அடங்கிவிடும் என்பதை எட்டு மாதத்தில் இந்த அம்மாள் கண்டுபிடித்து வைத்திருந்தார். கட்டிவிட்டதே அவர்தான். மற்றவர்கள் கட்டியது தளர்வாக இருந்ததாம்.

நான் கருவிப் பெட்டியைத் திறந்தேன். பிறகு மூடினேன். செத்த வாயிலிருந்து நாலு பல்லைக் கழற்றுவது பெரிய வேலையில்லை. ஆனால் இந்த அம்மாளுக்கு அது வேறு காரியம். வெளியே ஊரே காத்துக்கொண்டிருக்கிறது, மகள் வந்துகொண்டிருக்கிறாள். எரித்தால் எல்லாம் சேர்ந்துதான் எரியும். அதை அவரும் அறிவார்.

"கொஞ்ச நேரம் தனியா உடுங்க" என்றார். "ஒரு விசயம் பாக்கி இருக்குது. இந்த எட்டு மாசமும் சொல்லலாமா வேண்டாமான்னே போயிருச்சு. சொல்லீட்டு நானே கூப்படறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நடையில் நின்றேன். ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது, காதைப் பொத்திக்கொண்டால்தான் கேட்காமல் இருக்கும். நான் பொத்திக்கொள்ளவில்லை. பொன்னுச்சாமியும் வந்து பக்கத்தில் நின்றார்.

துளசிமணி தன் அம்மா இறந்த நாளைப் பற்றிச் சொன்னார். காங்கேயத்தில் அம்மா இழுத்துக்கொண்டு கிடக்கிறாள் என்று காலையிலேயே தகவல் வந்துவிட்டது. பட்டறையில் அவசர ஆர்டர். தறியில் புதுப் பாவு நூலைப் பழையதோடு பிணைக்க ஆளில்லை, சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்றுவிட்டாராம் நாச்சிமுத்து. இந்தப் பெண் பகல் முழுக்க நின்று இழை இழையாகப் பிணைத்திருக்கிறார்.

"ம்."

சாயங்காலம் போனபோது அம்மாவைக் குளிப்பாட்டி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்தாராம். துளசி வந்துட்டாளா, துளசி வந்துட்டாளா என்று மூன்று தடவை கேட்டாள் என்று அத்தை சொல்லி அழுதாளாம்.

"ம்."

அன்றைக்கு எத்தனை இழை பிணைத்தேன் என்பது இன்னும் நினைவிருக்கிறது, முகம்தான் மறந்துகொண்டே வருகிறது என்றார். அவர் குரல் முதல்தடவையாக உடைந்தது.

"ம்" என்றது பெட்டி. பக்கத்தில் பொன்னுச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தக் கருவியைச் செய்தவன் நல்லவன் என்றுகூட எனக்குத் தோன்றியது.

"என்னை அன்னைக்கு அனுப்பியிருக்கலாமுங்க" என்றார் துளசிமணி.

பதில் வரவில்லை. ஒரு 'ம்' வருவதற்கான இடைவெளி கடந்து, இன்னும் ஒரு மடங்கு கடந்தது. தானாக அடங்கிவிட்டது போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று நான் கதவில் கை வைத்தேன்.

"செத்தவளைப் பத்தி இன்னும் என்னடி பேச்சு?" என்றது நாச்சிமுத்துவின் குரல். சலிப்பு, அலட்சியம், கடைசியில் ஒரு சின்ன இழுப்பு, எல்லாம் அப்படியே. "போய்ச் சோலியப் பாரு."

பொன்னுச்சாமி என் தோளைப் பிடித்துக்கொண்டார். தம்பி திரும்பி வந்துவிட்டான் என்று அவர் நினைத்திருந்தால் குற்றமில்லை. பத்து மாதம் என்று கம்பெனி ஆள் சொன்ன கணக்குக்கு இரண்டு மாதம் முன்னதாகவே கருவி முடித்துவிட்டது. தறிக்காரர் வாய் அல்லவா, சீக்கிரம் கற்றுக்கொண்டுவிட்டது என்று கிறுக்குத்தனமாக ஒரு நினைப்பு ஓடியது.

உள்ளே துணி உரசும் சத்தம். கதவைத் திறந்தவர் துளசிமணி. அவர் கையில் அந்த வெள்ளைத் துணி இருந்தது, முடிச்சுகளை அவிழ்த்திருந்தார். அவருக்குப் பின்னால் பெஞ்சில் நாச்சிமுத்துவின் வாய் மெல்லத் திறந்துகொண்டிருந்தது.

"இப்பத்தாங்க அவராவே ஆயிட்டாரு" என்றார் என்னிடம். பிறகு பொன்னுச்சாமியைப் பார்த்து, "கவிதா வந்து மொகத்தப் பாத்ததும் தூக்கச் சொல்லுங்க மாமா" என்றார்.